ஒரே காது, இரண்டு வேலை: எலக்ட்ரோ-அகூஸ்டிக் இசையும் சினிமா சவுண்ட் டிசைனும்

ஒரு மணியோசையைப் பதிவு செய்யுங்கள். கணினியில் திறந்து, மணியின் நாக்கு உலோகத்தில் மோதும் அந்த முதல் 'டங்'கை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் வரும் ரீங்காரத்தைப் போட்டுக் கேளுங்கள். மணி காணாமல் போயிருக்கும். யாரோ குழல் ஊதுவதுபோல ஒன்று கேட்கும். நாம் வெட்டியது மிகச் சிறிய துண்டுதான், ஆனால் ஒரு ஒலி எதிலிருந்து வருகிறது என்று காது முடிவுசெய்வது பெரும்பாலும் அந்தத் தொடக்கத்தை வைத்துத்தான்.

1948-ல் பாரிஸில், பிரெஞ்சு வானொலியில் பொறியாளராக இருந்த பியேர் ஷெஃபர் இதைச் செய்து பார்த்தார். அப்போது அவரிடம் டேப் ரெக்கார்டர் இல்லை, இசைத்தட்டில் ஒலியை வெட்டிப் பதிக்கும் இயந்திரம்தான் இருந்தது. மணி அடித்து முடிந்த பிறகு ஒலியளவைத் திறப்பது, தட்டை வேகம் மாற்றிச் சுற்றவிடுவது, தட்டின் பள்ளத்தைச் சுருளாக விடாமல் வட்டமாக மூடி ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது என்று வானொலி நிலையத்துக் கருவிகளையே வாத்தியமாக்கினார். பாரிஸின் பத்தினோல் ரயில் நிலையத்துக்குப் போய் என்ஜின்களைப் பதிவு செய்து வந்து, அந்த ஒலிகளை வைத்தே மூன்று நிமிடம்கூட வராத ஒரு படைப்பை உருவாக்கினார். 1948 அக்டோபரில் அது வானொலியில் ஒலிபரப்பானது. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'மியூஸிக் காங்க்ரேத்'.

இதில் புதிது என்ன என்று கேட்கலாம். வழக்கமாக இசையமைப்பவர் மனதில் ஒரு மெட்டு தோன்றும். அதை எழுதுவார் அல்லது பாடிக் காட்டுவார். வாத்தியக்காரர் வாசிப்பார், கடைசியில்தான் ஒலி பிறக்கும். ஷெஃபர் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் ஒலி, அதைக் கேட்பது, அதை வெட்டுவது, வேறொன்றோடு சேர்ப்பது, அதிலிருந்து ஒரு வடிவம். நடுவில் இசைக்குறிப்பும் இல்லை, வாசிப்பவரும் இல்லை. ஒலிபெருக்கியில் போட்டால்தான் அந்த இசை இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியின் கொலோன் நகர வானொலியில் வேறொரு கூட்டம் எதிர்த் திசையிலிருந்து வந்தது. பதிவு செய்த ஒலியே வேண்டாம், மின்சுற்றுகளில் சுத்தமாகப் பிறக்கும் ஒலிகளிலிருந்து இசை கட்டுவோம் என்றார்கள். இரண்டு கட்சிக்கும் கொஞ்ச காலம் ஆகவே ஆகாது. 1956-ல் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹவுசென் ஒரு சிறுவனின் குரலையும் மின்னணு ஒலிகளையும் ஒன்றாகக் குழைத்து ஒரு படைப்பைக் கொடுத்தபோது அந்தச் சண்டைக்கு அர்த்தமில்லாமல் போனது. பதிவு செய்த ஒலி, மின்னணு ஒலி இரண்டையும் கலந்து ஒலிபெருக்கிக்காகவே செய்யப்படும் இந்த இசை முழுவதையும் இன்று எலக்ட்ரோ-அகூஸ்டிக் இசை என்கிறோம்.

இதை ஐரோப்பியர் சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஷெஃபருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1944-ல், கெய்ரோவில் ஹலிம் எல்-தாப் என்ற எகிப்தியர், கம்பியில் பதிவு செய்யும் கருவியோடு 'ஸார்' என்ற சடங்குக்குப் போய் பெண்களின் பாட்டைப் பதிவு செய்து, அந்தக் குரல்களின் அடிச்சுருதியை வடிகட்டிவிட்டு எதிரொலியை மட்டும் வைத்து ஒரு படைப்பு செய்துவிட்டார். 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் ஒரு மூக் சிந்தசைசர் ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் முதலிய இந்தியர்கள் அங்கே உட்கார்ந்து மின்னணு இசை செய்தார்கள். அந்த டேப்புகள் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, 2023-ல்தான் தொகுப்பாக வெளிவந்தன. நம் நாட்டு இசை வரலாற்றில் இவ்வளவு முக்கியமான ஒரு பக்கம் பெரும்பாலோருக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மூன்று விதமாகக் கேட்பது

இந்தத் துறையில் கருவி அப்புறம், காதுதான் முதலில். ஷெஃபரிடம் பணியாற்றிய மிஷேல் ஷியோன், கேட்பதை மூன்று வகையாகப் பிரித்தார். அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கிறது. "குக்கர் கூவுது" என்று புரிந்துகொள்வது முதல் வகை. ஒலி எங்கிருந்து வந்தது என்று தேடும் காது அது. "மூணாவது விசில், அடுப்பை அணைக்கணும்" என்பது இரண்டாவது வகை. ஒலியைச் செய்தியாகப் படிக்கிற காது. மூன்றாவதுதான் கடினம். குக்கரையும் மறந்து சோற்றையும் மறந்து, அந்த ஒலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பது. முதலில் ஒரு மெல்லிய சீறல், அது மெல்லத் தடித்து, திடீரென்று கூர்மையான ஒரு சுருதி பிடித்து, எடை தூக்கியதும் உடைந்து, ஈரமான இரைச்சலாகச் சரிந்து அடங்குவது. ஷெஃபர் இதைக் குறுக்கிய கேட்டல் என்றார்.

தொடங்குகிறவர்கள் இதில்தான் முதலில் தடுமாறுவார்கள். காது சும்மா இருக்காது, "இது குக்கர், இது குக்கர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரே ஒலியை முப்பது, நாற்பது தடவை சுழலவிட்டுக் கேட்டால் அந்தப் பேச்சு அடங்கி, ஒலியின் உடம்பு மட்டும் தெரிய ஆரம்பிக்கும். எத்தனை மென்பொருள் வாங்கினாலும் இந்தப் பயிற்சிக்கு மாற்று கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படிக் கேட்கப் பழகிய பிறகு கருவிகள் சுலபம். வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிப்பாகும். நான்கில் ஒரு பங்காக்கினால் குக்கர் விசில் ஏதோ பெரிய மிருகத்தின் முனகலாகிவிடும். இப்படி இறக்கப்போகிற ஒலியை 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 96,000 அல்லது 192,000 தடவை ஒலியை அளந்து, பதிவு செய்வது நல்லது. மனிதக் காதுக்கு எட்டாத மேல்பகுதியையும் மைக் பிடித்திருந்தால், வேகம் குறையும்போது அது கீழே இறங்கி வந்து ஒலியை மொண்ணையாகாமல் காப்பாற்றும். அப்புறம் பின்னோக்கி ஓட்டுவது, வடிகட்டுவது, சுருதி மாறாமல் இழுப்பது, இரண்டு ஒலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. இன்னொரு அழகான உத்தி உண்டு. ஒரு மண்டபத்தில் பலூன் ஒன்றை உடைத்து, அது அந்த இடத்தில் எப்படி எதிரொலித்து அடங்குகிறது என்று பதிவு செய்துகொண்டால் போதும். அந்த மண்டபத்தின் எதிரொலியைக் கணினி மூலம் எந்த ஒலிக்கும் போர்த்தலாம். வீட்டில் பதிவு செய்த இருமல்கூடக் கல்மண்டபத்தில் இருமியதாகக் கேட்கும்.

சரி, ராகமும் தாளமும் இல்லாமல் இதையெல்லாம் எதை வைத்துக் கோர்ப்பது? நியூசிலாந்தில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய டெனிஸ் ஸ்மாலி இதற்கு உதவும் இரண்டு கருத்துகளைத் தந்தார். ஒன்று, வீச்சு: ஒரு ஆற்றல் ஒலியைத் தள்ளி, அது எங்கோ போய்ச் சேரும் உணர்வு. இன்னொன்று, பரப்பு: எங்கும் போகாமல், உள்ளுக்குள்ளே சலசலத்தபடி இருக்கும் நிலை. கதவு அறைந்து மூடுவது வீச்சு, அதற்குப் பிறகு அறையில் கேட்கும் மழை பரப்பு. நல்ல படைப்புகள் இந்த இரண்டுக்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வீச்சை நீட்டி நீட்டிப் பரப்பாக மாற்றுவதும், பரப்பு ஒன்றைச் சட்டென்று ஒரு வீச்சால் கிழிப்பதும்தான் இந்த இசையின் இலக்கணம் என்றே சொல்லலாம்.

கச்சேரி எப்படி நடக்கும்? மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள். பாரிஸில் ஃபிரான்சுவா பேல் 1974-ல் 'அகூஸ்மோனியம்' என்ற அமைப்பை உருவாக்கினார். மண்டபம் முழுக்கப் பெரிதும் சிறிதுமாக ஒலிபெருக்கிகளின் ஒரு வாத்தியக் குழு. நடுவில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எந்த ஒலி எந்தப் பெருக்கியில், எவ்வளவு தூரத்தில் என்று அந்த நேரத்தில் தீர்மானிக்கிறார். சினிமா தியேட்டரில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

படம் வந்ததும் என்ன ஆகிறது

மேலே பார்த்த மிஷேல் ஷியோன்தான் சினிமா ஒலி பற்றி உலகம் முழுக்கப் படிக்கப்படும் கோட்பாடுகளை எழுதியவரும். இசையமைப்பாளராக ஒலியை அதன் மூலத்திலிருந்து பிரித்துப் பழகியவருக்கு, சினிமாவில் அந்த ஒலி படத்தோடு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. திரையில் ஒரு அசைவும் காதில் ஒரு ஒலியும் ஒரே கணத்தில் வந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று மனம் நம்பிவிடும். யோசித்து நம்புவதில்லை, தன்னாலே நம்பும். செலரிக் கீரைத் தண்டை முறிக்கும் ஒலி எலும்பு முறிவதாகவும், தோல்பையில் அடைத்த சோளமாவை அழுத்தும் ஒலி பனியில் நடப்பதாகவும் தியேட்டரில் செல்லுபடியாவது இதனால்தான்.

ஆக, எலக்ட்ரோ-அகூஸ்டிக் இசையமைப்பவர் ஒலியிடமிருந்து அதன் மூலத்தைக் கழற்றுகிறார், படத்துக்கு ஒலி வடிவமைக்கும் சவுண்ட் டிசைனர் அதே ஒலிக்குப் புதிய மூலம் ஒன்றைப் பூட்டுகிறார். கழற்றத் தெரிந்தவருக்குத்தான் பூட்டவும் வரும். இந்த இரண்டு துறைகளையும் ஒரே கட்டுரையில் பேச எனக்கு இருக்கும் காரணம் இதுதான்.

1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒளிவாள் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிலிம் புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரம் ஒன்று, மைக் கேபிளில் டிவி பெட்டியின் குறுக்கீடு ஏறிய இரைச்சல் ஒன்று. படத்தின் சவுண்ட் டிசைனர் பென் பர்ட் இரண்டையும் கலந்தார். வாள் வீசும்போது ஒலி மாறவேண்டுமே? கலந்த ஒலியை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கைக் கையில் பிடித்து வீசி மறுபடி பதிவு செய்தார். மைக் நெருங்கி விலகும்போது சுருதி ஏறி இறங்கும் அல்லவா, அதுதான் வாள் வீச்சு. ஷெஃபர் பார்த்திருந்தால் தன் வீட்டுப் பிள்ளை என்று சொல்லியிருப்பார்.

அமெரிக்க சவுண்ட் டிசைனர் வால்டர் மர்ச்சின் கதையில் தொடர்பு இன்னும் நேரடியானது. நியூயார்க்கில் சிறுவனாக டேப் ரெக்கார்டரோடு விளையாடிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வானொலியில் பாரிஸ்காரர்களின் மியூஸிக் காங்க்ரேத்தைக் கேட்டு, தான் செய்வதையே பெரியவர்களும் செய்கிறார்கள் என்று கண்டுகொண்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்தான் பிறகு 1979-ல் 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் தொடக்கத்தில், ஹெலிகாப்டர் ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, சிந்தசைசரில் மறுபடி செய்து, ஓட்டல் அறையின் மின்விசிறியோடு அதைக் கரைத்தார். விசிறி எங்கே முடிகிறது, ஹெலிகாப்டர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. போரிலிருந்து மனம் திரும்பி வராத ஒருவனின் தலைக்குள் நாம் இருக்கிறோம் என்பதை வசனமே இல்லாமல் அந்த ஒலி சொல்லிவிடுகிறது. 'சவுண்ட் டிசைன்' என்ற பெயர் சினிமா உலகில் நிலைத்ததில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மர்ச் சொன்ன ஒரு விதி எனக்கு மிகவும் பயன்படும் என்று தோன்றுவதால் இங்கே சொல்கிறேன். ஒருவர் நடந்தால் ஒவ்வொரு காலடியும் படத்தோடு பொருந்தவேண்டும். இருவர் நடந்தாலும் அப்படியே. மூன்றாமவர் சேர்ந்ததும் மனம் தனித்தனிக் காலடியை எண்ணுவதை விட்டுவிட்டு, 'கூட்டம் நடக்கிறது' என்று ஒரே ஒலியாக எடுத்துக்கொள்ளும், அப்போது பொருத்தம் பார்க்கத் தேவையில்லை. இரண்டரை விதி என்பார்கள். ஸ்மாலி சொன்ன வீச்சு பரப்பாக மாறும் இடமும் இதேதான், ஒரே உண்மையை இருவரும் இரண்டு வாசல் வழியாக வந்து தொட்டிருக்கிறார்கள்.

இசை, ஒலி என்ற எல்லைக்கோடே அழிந்த படங்களும் உண்டு. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' 1963-ல் வழக்கமான பின்னணி இசையே இல்லாமல் வந்தது. பறவைக் கூச்சலில் பெரும்பகுதி ஆஸ்கர் ஸாலா தன் டிராவ்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உருவாக்கியது. 2019-ல் வந்த 'செர்னோபில்' தொடருக்காக ஐஸ்லாந்து இசையமைப்பாளர் ஹில்டுர் குட்னடோட்டிர், லிதுவேனியாவில் மூடப்பட்ட ஓர் அணுமின் நிலையத்துக்குள் போனார். இயற்கை ஒலிகளைப் பதிவு செய்வதில் பெயர்பெற்ற கிறிஸ் வாட்சனும் கூடப் போனார். அங்கே பதிவு செய்த ஒலிகளும் எதிரொலிகளும் தன் குரலும் போக, வாத்தியக் குழு எதையும் அவர் பயன்படுத்தவில்லை. 2023-ன் 'தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படத்தில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் தோட்டம் வளர்த்துச் சாதாரணமாக வாழ்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கேமரா காட்டுவதே இல்லை, கேட்க மட்டும் முடிகிறது. சவுண்ட் டிசைனர் ஜானி பர்ன் வரலாற்று ஆவணங்களையும் சாட்சியங்களையும் படித்து, எது எவ்வளவு தூரத்தில் கேட்டிருக்கும் என்று கணக்கிட்டு அந்த ஒலிகளை அமைத்தார். அடுத்த ஆண்டு ஒலிக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான். சினிமாவில் ஒலிக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் அந்தப் படத்தைப் பார்க்கட்டும்.

ஸ்டூடியோவில் அன்றாட வேலை

கலை பற்றிப் பேசியது போதும், வேலை எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

ஒரு படத்தின் ஒலி பல அடுக்குகளாகத் தயாராகிறது. முதலில் வசனம். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவாவது பைலட் ட்ராக் என்ற வழிகாட்டிப் பதிவுதான், அதைக் கேட்டு நடிகர்கள் ஸ்டூடியோவில் டப்பிங் பேசுவார்கள். இந்தியா முழுக்கவே டப்பிங் வழக்கமானதற்கு ஒரு காரணம், ஒருகாலத்தில் எல்லோரும் பயன்படுத்திய ஆரி 2-சி கேமரா ஓடும்போது போட்ட சத்தம். இன்று கேமராக்கள் அமைதியாகிவிட்டன, அதனால் படப்பிடிப்பில் பதிவான குரலையே வைத்துக்கொள்ளும் லைவ் சவுண்டில் எடுக்கும் படங்கள் கூடி வருகின்றன. ஆனாலும் டப்பிங் பழக்கம் வேர்விட்டுவிட்டது.

டப்பிங் படத்தில் வசனம் தவிர வேறு ஒலி எதுவுமே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். நாயகி கதவைத் திறப்பது, வளையல் உரசுவது, சேலை சரசரப்பது, தம்ளர் வைப்பது எல்லாவற்றையும் மறுபடி உண்டாக்க வேண்டும். இதில் உடல் அசைவு சார்ந்ததை ஃபோலி கலைஞர்கள் திரையைப் பார்த்து நடித்தே பதிவு செய்வார்கள். தெரு, மழை, இரவுப் பூச்சி போன்ற சூழல் ஒலியை ஆம்பியன்ஸ் என்பார்கள். வண்டி, துப்பாக்கி, இயந்திரம் எல்லாம் எஃபெக்ட்ஸ். இல்லாத ஒன்றுக்கு, அல்லது ஒரு மனநிலைக்கு ஒலி செய்வது டிசைன். இசையமைப்பாளரின் பின்னணி இசையைக் கோடம்பாக்கத்தில் இன்றும் ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங்) என்றுதான் சொல்வார்கள். இவை எல்லாம் கடைசியில் மிக்ஸிங் தியேட்டரில் கூடும். வசனம் நீங்கலாக மற்ற அனைத்தும் உள்ள ஒரு பிரதியும் தனியாகத் தயாராகும், எம் அண்ட் ஈ (மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ்) என்று பெயர். தெலுங்கிலோ இந்தியிலோ படம் போகும்போது அந்த மொழி வசனத்தை இதன்மேல் ஏற்றினால் போதும்.

கொஞ்சம் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 42 மில்லி விநாடி. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஒலி இரண்டு ஃபிரேம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். சிறிய அறையில் பக்காவாகப் பொருந்திய அடி, பெரிய தியேட்டரில் கொஞ்சம் தளர்ந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலியை நகர்த்தும் டால்பி அட்மாஸ் முறையில் ஒரே நேரத்தில் 128 ஒலித் தடங்கள் வரை கையாளலாம், தியேட்டரில் 64 ஒலிபெருக்கி வரிசைகள் வரை தனித்தனியாக ஒலிக்கலாம். ஒவ்வொரு ஒலிக்கும் அறைக்குள் ஓர் இடம் கொடுக்கும் இந்த வேலை, அகூஸ்மோனியத்தில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து பழகியவருக்குக் கைவந்த கலையாக இருக்கும்.

உள்ளே நுழைகிறவருக்கு முதல் நாளே டிசைன் கொடுக்க மாட்டார்கள். டப்பிங் வரிகளை உதட்டோடு பொருத்துவது, இரைச்சலைச் சுத்தம் செய்வது, காலடிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைப்பது, கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைப்பது, இதுதான் உதவியாளரின் நாள். சலிப்பாக இருக்கும். ஆனால் ஆயிரம் காலடி வைத்தவருக்குத் தளர்ந்த நடை, கோபநடை, பொய்நடை எல்லாம் காதிலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு எஃபெக்ட்ஸ் எடிட்டர், டிசைனர், பிறகு முழுப் படத்தின் ஒலிக்கும் பொறுப்பேற்பவர் என்று போகும். அவசரம் வேண்டாம்.

எங்கே படிப்பது, எதை வைத்துத் தொடங்குவது

சினிமா ஒலிக்கு நம் நாட்டில் நல்ல அரசு நிறுவனங்கள் உண்டு. புனேயின் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம், கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனம், சென்னை தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். பெயரிலான திரைப்பட நிறுவனம் ஆகிய மூன்றிலும் ஒலிக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. 2009-ல் ஆஸ்கர் வாங்கிய ரெசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர். கட்டணம், நுழைவுத் தேர்வு விவரங்களை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரோ-அகூஸ்டிக் இசைக்குத் தனிப் படிப்பு வேண்டுமானால் பெரும்பாலும் வெளிநாடுதான். கனடாவின் மாண்ட்ரியால் நகரம் இதற்குப் பெயர்போனது, அங்கே கான்கார்டியா பல்கலைக்கழகத்திலும் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை இருக்கிறது. பாரிஸில் ஷெஃபர் தொடங்கிய இசை ஆய்வுக் குழுவான ஜி.ஆர்.எம். இன்றும் இயங்குகிறது. ஸ்டாக்ஹோமின் இ.எம்.எஸ். என்ற மின்னணு இசை ஸ்டூடியோ வெளிநாட்டுக் கலைஞர்களுக்கும் இடம் கொடுக்கிறது.

இந்த இசையை மட்டும் செய்து வயிறு வளர்ப்பவர்கள் உலகம் முழுக்கவே மிகக் குறைவு. மற்றவர்கள் கற்பிக்கிறார்கள், வானொலிக்கும் நாடகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் வீடியோ கேமுக்கும் வேலை செய்கிறார்கள், அல்லது சினிமாவுக்கு வருகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெர்னார் பார்மெஜியானி இந்த இசையின் மாபெரும் மேதைகளில் ஒருவர். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒலிப்பொறியாளராக இருந்து வந்தவர், விளம்பரங்களுக்கும் படங்களுக்கும் ஒலி செய்தவர். பாரிஸ் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் ஒலித்த அந்த மிதக்கும் மணியிசை அவர் செய்தது. 1970-களில் தொடங்கி 2005 வரை கோடிக்கணக்கான பயணிகள் பெயர் தெரியாமலே அவர் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டிலிருந்தே தொடங்க அதிகம் செலவில்லை. கையடக்க ரெக்கார்டர் ஒன்று, காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பீசோ தகட்டில் ஒயரைப் பற்றவைத்தால் அதுவே, பொருளைத் தொட்டு அதன் அதிர்வைப் பிடிக்கும் தொடுமைக் ஆகிவிடும். அதை ஜன்னல் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ ஒட்டிப் பாருங்கள், வீடே வேறு வீடாகக் கேட்கும். மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் மலிவு, ஸ்டூடியோக்களில் ப்ரோ டூல்ஸ்தான் பொதுமொழி. ஒலியை நிரல் எழுதிச் செய்ய ஆசைப்பட்டால் ப்யூர் டேட்டாவும் சூப்பர்கொலைடரும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பயிற்சி இரண்டு சொல்கிறேன். ஒரே ஒரு பொருளை, உதாரணமாக ஒரு எவர்சில்வர் தம்ளரை மட்டும் வைத்து இரண்டு நிமிடப் படைப்பு செய்யுங்கள். வேறு எந்த ஒலியும் கூடாது. அதை முடித்ததும், நீங்களே போனில் எடுத்த ஒரு நிமிடக் காட்சியின் ஒலியை முழுக்க அழித்துவிட்டு, தம்ளர் ஒலிகளை மட்டும் வைத்து அந்தக் காட்சிக்கு மறுபடி ஒலி கொடுங்கள். காலடி, கதவு, காற்று எல்லாம் தம்ளரிலிருந்தே வரவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினால், பெரிய பட டிரெய்லருக்கு நூலக ஒலிகளை அடுக்கி அனுப்புகிறவரைவிட உங்களைக் கூர்ந்து கவனிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பணமும் உரிமையும்

இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. 1956-ல் 'ஃபர்பிட்டன் பிளானட்' என்ற ஹாலிவுட் படத்துக்கு லூயி, பீபி பேரன் என்ற தம்பதி, தாங்களே கட்டிய மின்சுற்றுகளிலிருந்து முழுப் பின்னணியையும் செய்தார்கள். முழுக்க மின்னணு ஒலியால் ஆன முதல் பெரிய ஹாலிவுட் படப் பின்னணி அது. ஆனால் இசைக்கலைஞர் சங்கத்தோடு தகராறு வரும் என்று அஞ்சி, பட டைட்டிலில் 'இசை' என்று போடாமல் 'மின்னணுத் தொனிகள்' என்று போட்டார்கள். பெயர் மாறியதில் அவர்களுக்குப் போன கௌரவம் கொஞ்சமல்ல.

இந்தியாவில் இந்த வேறுபாடு இன்று சட்டத்திலேயே இருக்கிறது. 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி இசைப் படைப்புக்கு ஆசிரியர் இசையமைப்பாளர், ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் தயாரிப்பாளர். 2012-ல் வந்த திருத்தம், தியேட்டருக்கு வெளியே படத்தின் இசை பயன்படும்போது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று உறுதி செய்தது. சவுண்ட் டிசைனருக்கு அப்படிச் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் பேசிய சம்பளத்தோடு கணக்கு முடிகிறது. இசைக்குறிப்பாக எழுதப்பட்டால்தான் இசைப் படைப்பு என்ற பழைய விளக்கத்தை 1994-லேயே மாற்றிவிட்டார்கள், ஆகவே குறிப்பு இல்லாத எலக்ட்ரோ-அகூஸ்டிக் படைப்பும் இசைதான் என்று வாதிட இடம் இருக்கிறது.

அதனால் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறவர்கள், கை வைப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் சில வரிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் பகுதிகளில் எது டிசைன், எது கூடுதல் இசை, டைட்டிலில் எந்தப் பெயரில் வரும், எந்த இசை யாருடையது என்று எழுதும் இசைப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறுமா என்பது ஒன்று. படத்துக்கு முன்பே சொந்தக் காசில் நீங்கள் பதிவு செய்து வைத்திருந்த ஒலிகள், படம் வெளியான பிறகும் உங்களுடையவையாகவே இருக்கும் என்பது இன்னொன்று.